அந்தத் தகடு எங்கே என்றுதான் கேட்டேன்

கிருமாம்பாக்கத்தில் ரோட்டோரமாக நின்று புகைந்த அந்த வெள்ளைக் கார் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்பக் கதை சொல்லப்போவதில்லை. அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே ஒரு வரி: "டர்போ மேல் இருக்க வேண்டிய தகடு எங்கே?" டர்போ என்பது எஞ்சினின் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி, தகடு அதன் சூட்டை மறைக்கும் ஹீட் ஷீல்டு. அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜி இன்னும் நின்றபாடில்லை. 'தகடு மாமா' என்று பெயரும் வைத்தாயிற்று. சந்தோஷம். பெயர் வைத்தவர்கள் வைத்த கையோடு மாமா சொல்வதையும் கேட்டுவிட்டுப் போகலாம்.

வீடியோவில் பானெட்டைத் தூக்கிக் காட்டும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். டர்போ மொட்டையாக இருக்கிறது. போல்ட் போகிற ஓட்டைகள் காலி. பக்கத்தில் போகும் கூலண்ட் ஹோஸ், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் ரப்பர் குழாய், டர்போவைப் பார்த்த பக்கம் மட்டும் பிளந்திருக்கிறது. "கடகடன்னு சத்தம் வருதுன்னு சர்வீஸ்ல சொன்னேன், சரி பண்ணிட்டாங்க" என்று காரின் சொந்தக்காரரே சொல்கிறார். ஆடிச் சத்தம் போட்ட தகட்டைக் கழற்றிப் போட்டுத்தானே சரிசெய்தார்கள்? அதைத்தான் நான் கேட்டேன். ஆனால் கமெண்டில் வந்த தீர்ப்பு என்ன? "டர்போ காரே வேஸ்ட்", "கம்பெனி ஏமாத்துறான்", "நம்ம ஊரு வெயில் அப்படி". கத்திரி வெயிலே ஆனாலும் நம்ம ஊரில் 42, 43 டிகிரி. டர்போவைச் சுற்றவைக்கும் புகையின் சூடு தெரியுமா? டீசலில் 700, 800 டிகிரி, பெட்ரோலில் 900-ஐத் தாண்டியும் போகும். வெயில் மேல் பழி போடுவது ரொம்ப வசதி, அது வந்து பதில் சொல்லாது.

அந்த ஹோஸ் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். தொடர்ந்து தாங்குவது 125 டிகிரி, நல்ல ரகமென்றால் 150. 800 டிகிரிக்கும் 125 டிகிரிக்கும் நடுவில் இருப்பது நாலு விரல் இடைவெளியும் ஒரு மெல்லிய தகடும்தான். டர்போவின் இரும்பிலிருந்து நேராகப் பாயும் சூட்டைத் தகடு திருப்பி அனுப்புகிறது. தகட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் இருக்கும் காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் தகடு இருந்தால் மட்டும் போதாது, ஹோஸ் அதில் ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"நீங்க மெக்கானிக்கா சார்?" இல்லை. கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன். ஸ்டீம் லைனோடு வாழ்ந்தவன். ஒருமுறை வால்வு வேலைக்காக அந்த நீராவிக் குழாயிலிருந்து கழற்றிய அலுமினிய உறையில் ஒரு துண்டை மட்டும் திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டுப் போனார்கள். முழ நீளம்கூட இருக்காது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒரு மேதாவி. பக்கத்தில் போன கேபிளின் மேல்தோல் காய்ந்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அங்கே ஸ்டீம் 200 டிகிரிகூட இல்லை. அதிலிருந்து எங்கள் ஷிஃப்டில் கழற்றியதை மாட்டாமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. பட்டறையில் அப்படி ஒரு கையெழுத்து கேட்டால் நான் பைத்தியக்காரன்.

"சிலிகான் ஹோஸ் போட்டா முடிஞ்சுது." கூலண்டுக்கும் காற்றுக்கும் சரி, ரப்பரைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் லைனில் சாதா சிலிகானை மாட்டினால் ஆயில் அதை ஊறவைத்து உப்பவைத்துவிடும். சூடான இரும்பின் மேல் ஆயில் சொட்டினால் வருவது வெள்ளைப் புகையோடு நிற்காது. "எக்ஸாஸ்ட்டைச் சுற்றி ஹீட் ரேப் கட்டலாமே." புகைக் குழாயில் சுற்றும் சூடு தாங்கும் நாடாவைச் சொல்கிறார்கள். கட்டலாம், நம்ம ஊர் உப்புக் காற்றும் ஈரமும் அதற்குள் தங்கி இரும்பைத் தின்னும். ஆயில் கசிந்து அதில் ஊறினால் அதுவே திரி. இதெல்லாம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கம்பெனி கொடுத்த தகட்டை மாட்டிவிட்டு ஆசைப்படுங்கள். அப்புறமும் ஹோஸ் நெருக்கமாகப் போகிறதென்றால் அலுமினியம் பூசிய கண்ணாடி இழை உறை கிடைக்கிறது. மினுமினுப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி போட்டு, ஸ்டீல் கிளிப்பால் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் டை வேண்டாம், அந்தச் சூட்டில் பழுப்பேறி ஒடிந்துவிடும்.

"அம்பாசிடர்ல தகடு இருந்துதா?" அதில் டர்போ இருந்ததா, தம்பி?

ஒரிஜினல் தகடு விலை அதிகம், சொன்னாலும் வர நாளாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் இங்கே தகடு தொலையவில்லை, கழற்றப்பட்டது. ஆடுகிற தகட்டுக்கு ஒரு அகல வாஷர் போட்டு இறுக்கினால் சத்தம் நின்றுவிடும். அதற்கும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கணுமா?

என் மச்சானும் இந்த ரகம்தான். சென்னையிலிருந்து ஈசிஆரில் விரட்டிக்கொண்டு வந்து, திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு வாசலில் நின்ற அதே நொடியில் சாவியைத் திருகுவார். எஞ்சின் நின்றால் கூலண்டும் ஆயிலும் ஓடுவது நிற்கும், டர்போவின் சூடு நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் காய்வதில்லையா, அதுதான். சில கார்களில் அதற்குப் பிறகும் ஓடுகிற சின்ன பம்ப் உண்டு, இவர் காரில் இல்லை. ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள் என்றால், "டீசல் நீ போடுறியா மாப்ள?" என்பார். ஒருநாள் கார் ஆறிய பிறகு அவர் கையைப் பிடித்து ஹோஸின் மேல் வைத்தேன். இந்தப் பக்கம் அமுங்குகிறது. டர்போவைப் பார்த்த பக்கம் பளபளவென்று இறுகி, அமுக்கினால் மயிரிழை விரிசல்கள் வாய் திறக்கின்றன. மனிதர் வாயே திறக்கவில்லை. ஹோஸை மாற்றினார். இன்றைக்கும் எங்கள் குடும்ப குரூப்பில் அதைச் சொல்ல மாட்டார், 'தகடு மாமா' மீமை மட்டும் ஃபார்வர்டு செய்திருக்கிறார்.

"பயமுறுத்தாதீங்க சார்" என்கிறார்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்த ஊர் இது. தானே வருவதற்கு முதல் நாள் கூரைத் தகரத்துக்குக் கயிறு கட்டியவரையும் எங்கள் தெருவில் இப்படித்தான் சிரித்தார்கள். மறுநாள் எல்லார் வீட்டுக் கூரையும் எங்கே கிடந்தது என்று தெரிந்தவர்களே இன்றைக்கு எனக்கு எமோஜி போடுகிறார்கள். வெளியூர்க்காரர் போட்டிருந்தால் வலித்திருக்காது.

இவ்வளவு பேரில் இன்பாக்ஸில் வந்து மரியாதையாகக் கேட்டவர் அந்தக் காரின் சொந்தக்காரர் மட்டும்தான். அவருக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன். பிளந்த ஹோஸை மட்டுமல்ல, டர்போ பக்கம் போகும் மற்ற ஹோஸ்களையும் அமுக்கிப் பாருங்கள், இறுகியிருந்தால் மாற்றுங்கள். தகட்டை மாட்டாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். புதிதாக வாங்கும் முன் அதே பட்டறையில் மூலை முடுக்கெல்லாம் தேடச் சொல்லுங்கள். எடைக்குப் போட்டால் பத்து ரூபாய்கூடத் தேறாது, அங்கேயேதான் கிடக்கும்.