ஒரு போல்ட்டுக்காக ஒரு முழு நாள்

எடை குறைந்த என் காரின் சாவியைத் திருப்பினேன், 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு அடங்கிவிட்டது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதும் அது ஏறக்குறைய இறங்கவே இல்லை; ஆக, குறை பேட்டரியில் இல்லை. கேபிள் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கியும் பயனில்லாததால், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது என்பது தெளிவாயிற்று. அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை, ஏனெனில் தேயும் பொருள் தேயத்தான் செய்யும். காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தி அடியில் படுத்த பிறகுதான் வயிறு எரியத் தொடங்கியது.

அந்த மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். கீழே இருப்பது ஐந்து நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது. மேலே இருப்பதையோ கண்ணால் பார்க்கக்கூட முடியவில்லை. முன்பின் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக காரை வடிவமைத்தவர்கள் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்; அதனால் ஸ்டார்ட்டர் அமரும் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு), எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையிலான தடுப்புச் சுவரான ஃபயர்வாலோடு ஒட்டிக்கொண்டது; அதற்கு மேல் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டு, மேனிஃபோல்டுக்கு அடியில் அதன் தாங்கி, தாங்கியைச் சுற்றி வயர்க்கட்டு. இத்தனைக்கும் நடுவே கையை நுழைத்து, விரல் நுனியால் போல்ட்டின் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, ஸ்பேனரை மாட்டினால் அது ஒரு பல் அளவுக்குக்கூடத் திரும்ப இடமில்லை. ஊடுருவும் எண்ணெயை அடித்து இரவெல்லாம் ஊறவைத்தேன். மறுநாள் தாங்கியைக் கழற்றி, நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியையும் மடங்கும் இணைப்பையும் சேர்த்துப் பல மணி நேரம் போராடிய பிறகே அது அசைந்தது. பழுதுபார்ப்புக் கையேடு இந்த வேலைக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி: "ஸ்டார்ட்டரைக் கழற்றவும்."

இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் அதையும் உலோகத்தையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

"எடை குறைந்த கார் என்றால் எல்லாம் நெருக்கமாகத்தான் இருக்கும், தெரிந்துதானே வாங்கினாய்?" என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மேல் போல்ட்டின் தலையை கியர் பாக்ஸ் பக்கம் பார்க்கும்படி வைத்திருந்தால், பின்னாலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷன் போட்டுச் சில நிமிடங்களில் கழற்றியிருக்கலாம். அதனால் காரின் எடை ஒரு கிராம் ஏறியிருக்குமா? வளைவில் அது திரும்பும் அழகு குறைந்திருக்குமா? இதற்கும் எடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொழிற்சாலையில் எஞ்சினும் கியர் பாக்ஸும் வெளியே இருக்கும்போது ஸ்டார்ட்டரைப் பூட்டுவது எளிது என்பதோடு அவர்களுடைய சிந்தனை நின்றுவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அதே போல்ட்டைக் கீழே படுத்துக்கொண்டு ஒருவர் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதைவிடவும் என்னை எரிச்சலூட்டியது வேறொன்று. கழற்றிய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். சுழலும் பகுதியான ஆர்மேச்சர் நன்றாக இருந்தது, அதற்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களில் இன்னும் பாதிக்கு மேல் மீதம் இருந்தது, எஞ்சினைச் சுழற்றும் பல்சக்கரமான பினியனின் பற்களில் ஒரு கீறல்கூட இல்லை. மோட்டாரின் சுவிட்சான சாலினாய்டுக்குள் மின்சாரத்தை இணைக்கும் இரண்டு செப்புத் துண்டுகள் மட்டுமே கருகித் தேய்ந்திருந்தன. விரல் நகத்தளவு செம்பு! அதைத் தனியாகக் கேட்டால், முழு மோட்டாராகத்தான் தருவோம் என்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு மோட்டாரை முழுதாகத் தூக்கியெறியச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வேறு வழியின்றிப் புதியதை வாங்கி, அதே இருட்டுப் பொந்துக்குள் அதே போல்ட்டை மீண்டும் முடுக்கினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே உறுமி எழுந்தது. பழைய மோட்டாரை நான் எறியவில்லை. அளவெடுத்து அந்த இரண்டு செப்புத் துண்டுகளையும் நானே வெட்டிப் பொருத்தப் போகிறேன்.