நெரிசலில் நின்றால் மின்சார கார் படுத்துவிடுமா?

"பெருங்களத்தூர் நெரிசலில் ஏசி போட்டு மூன்று மணி நேரம் நின்றால் மின்சார காரின் பேட்டரி காலி, தள்ளித்தான் போகணும்" என்று பண்டிகைக்குப் பண்டிகை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வலம் வருகிறது. தவறு.

பெட்ரோல் கார் நிற்கும்போதும் எஞ்சின் ஓடும், எண்ணெய் குடிக்கும். மின்சார காரில் வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். ஏசி, விளக்கு, பாட்டு, அவ்வளவுதான் செலவு. வெயிலில் காய்ந்த காரைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடங்கள் ஏசி கூடுதலாக இழுக்கும். அப்புறம் மணிக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட்.

டாடா நெக்ஸான் மின்சார காரின் சிறிய பேட்டரியில் சுமார் 30 யூனிட் பிடிக்கும். பாதி சார்ஜ்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்: 15 யூனிட். மூன்று மணி நேரத்துக்கு அதிகபட்சம் 6 போனாலும் 9 மிச்சம். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால்கூட ஐம்பதைத் தாண்டலாம். ஊர்ந்து போகையில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பவும் ஏறும்.

உண்மையில் பேட்டரியைக் கரைப்பது நெரிசல் அல்ல, அதைத் தாண்டியதும் நூறுக்கு மேல் விரட்டுவது. பண்டிகை நாளில் நெடுஞ்சாலை சார்ஜரில் வரிசை நிற்கும் என்று பயப்பட்டால், அது நியாயமான பயம்.