பயிற்சியைப் பார்க்கப் பயிற்சியை நிறுத்தினீர்கள்

2025 ஜூலை 27, ஞாயிறு விடியற்காலையில் நம் மைதானத்தில் என்ன நடந்தது என்று நம் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் குழுவில் எல்லோருக்கும் தெரியும். திரை, சிவப்புக் கொடி, நாற்காலி வரிசை, நடுவில் ஒரு கேக் என்று படங்களை நீங்களே போட்டீர்கள். படத்தில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆறு மணிக்குப் பந்தோடு வந்த பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, "இன்று ஒரு நாள் வீட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினீர்கள். ஏன் என்று கேட்ட, பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மாஸ்டருக்குக் கிடைத்த பதில்: "நம் பையன்கள் ஆடுவதை யார் பார்க்கிறார்கள், மாஸ்டர்?"

சொன்ன தம்பியின் பெயரை எழுத மாட்டேன். அவனுக்குத் தெரியும்.

சரி, நீங்கள் பார்த்தது என்ன? இங்கிலாந்துக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கின் கோடைத் தொடர். அமெரிக்காவில், நியூஜெர்சி மெட்லைஃப் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டும் வெஸ்ட் ஹாமும் மோதிய ஆட்டம். ஆகஸ்டில் லீக் தொடங்குவதற்குள் கால்களைப் பழக்கிக்கொள்ள ஆடுவது. லீக் பட்டியலில் இதற்கு ஒரு புள்ளியும் சேராது. இடைவேளைக்குப் பிறகு யார் உள்ளே, யார் வெளியே என்று எண்ணி முடிப்பதற்குள் பாதி அணி மாறியிருக்கும். அதுவும் பயிற்சிதான் ஐயா! பயிற்சியைப் பார்ப்பதற்காகப் பயிற்சியை நிறுத்தியிருக்கிறீர்கள்.

"நீயும் யுனைடெட் ரசிகன்தானே, இப்போது என்ன புதிதாக ஞானம்?" என்று கேட்பீர்கள். ஆமாம், ரசிகன்தான். 1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் பார்த்தவன். தொண்ணூறாவது நிமிடம் வரை பேயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னால் நின்றது. நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ஷெரிங்காம் ஒன்று, சோல்ஷயர் ஒன்று. நான் போட்ட கூச்சலில் அந்த வீட்டுப் பாட்டி எழுந்து வந்து திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு விசுவாசம் கற்றுத்தர வேண்டாம். ஆனால் அன்று காலையும் ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனேன். தூங்கி வழிந்துகொண்டே போனேன், ஆனால் போனேன்.

"ஒரு நாள்தானே" என்கிறீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வாரத்தில் முழுதாகக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"இப்படித் திரையிட்டால்தான் ஆட்டம் வளரும், நாளைக்கு அவர்களே நம் ஊருக்கு வருவார்கள்" என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். வருவார்களா? 2003 முதல் 2019 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியர் லீக் ஆசியக் கோப்பை நடத்தினார்கள். மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், பெய்ஜிங், சிங்கப்பூர், நான்ஜிங், ஷாங்காய். இந்தியாவின் பக்கம் தலைவைத்துப் படுத்தார்களா? இப்போது அமெரிக்கா. 2026 உலகக் கோப்பை அங்கே. இறுதி ஆட்டமே இதே மெட்லைஃபில். கடை எங்கே விரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

போன பருவத்தை மறந்துவிட்டீர்களா? யுனைடெட்டுக்கு லீக்கில் 15ஆம் இடம், 42 புள்ளி. மே 21 அன்று பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா லீக் கோப்பையும் போயிற்று. ஒரே வாரத்தில் கோலாலம்பூரில் இறக்கினார்கள். தென்கிழக்கு ஆசிய வீரர்களின் கூட்டணி 1-0 என்று வென்றது, அரங்கமே ஏளனக் குரல் எழுப்பியது. இரண்டு நாளில் ஹாங்காங். அந்தக் கால்களுக்கு ஓய்வு வேண்டாமா என்று அப்போது நம் குழுவில்தான் பக்கம் பக்கமாகப் புலம்பினோம். பணத்துக்காக வீரர்களை அலைக்கழிக்கிறார்கள் என்று எழுதிய அதே கைதான் ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளுக்கு வாசலைக் காட்டியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். ஜூலை 11 அன்று நம் நாட்டு லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவம் நிறுத்திவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. லீக்கை நடத்துபவர்களுக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புடன் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்கவில்லை, அதனால் நிறுத்தம். 2015இலும் 2018இலும் கோப்பை தூக்கிய சென்னையின் அணி அந்தப் பருவத்தில் ஆடுமா என்றே அன்று தெரியாத நிலை. நேரு மைதானம் நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். நம் குழுவில் அன்று எத்தனை பதிவு வந்தது? தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு முழுக்க யுனைடெட்டின் புதிய சட்டை என்ன விலை என்ற ஆராய்ச்சி.

"யார் பார்க்கிறார்கள்" என்ற வார்த்தைதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நான் சொல்கிறேன் யார் பார்த்தார்கள் என்று. என் அப்பா பார்த்தார். 1996இல் பெரம்பூர் மில் மூடிய பிறகு ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போனார். காலையில் வீடு திரும்பும் வழியில் கோல் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில் பாரில் தூக்குவாளி தொங்க, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே நிற்பார். கைதட்ட மாட்டார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் பந்தை விட்டுவிட்டால் மட்டும் நாக்கை "ச்சு" என்று தட்டும் சத்தம் கேட்கும். மூன்று ஆண்டு அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் ஆடினேன். பெரிய ஆளாக ஒன்றும் வரவில்லை, உண்மைதான். அதனால் அவர் பார்த்தது கணக்கில் இல்லையா?

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்பீர்கள். எழுதிவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை மாலை மழை பெய்திருந்தது. பெனால்டி பகுதி முழுக்க நாற்காலிக் கால்கள் இறங்கியிருந்தன. நீங்கள் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன். நான்கு நான்காகக் குழிகள், வரிசை மாறாமல். திரும்பிப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆறேழு பிள்ளைகள் பாதி வெட்டிய தண்ணீர் பாட்டில்களில் மணலை அள்ளி வந்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்தப் பாட்டில்களைத்தான் வரிசையாக நட்டு, பந்தை வளைத்து ஓட்டிப் பழகுவார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணா, யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டான். 2-1, யுனைடெட் என்றேன். "புரூனோவா?" என்றான். யுனைடெட்டின் இரண்டு கோலுமே கேப்டன் புரூனோதான் என்றதும் சிரித்துவிட்டு அடுத்த குழிக்குப் போய்விட்டான்.

யுனைடெட்டுக்கு வியாழக்கிழமை போர்ன்மத்தோடு ஆட்டம், திங்கட்கிழமை விடிவதற்குள் அட்லாண்டாவில் எவர்டனோடு. டீக்கடையில் டிவி இருக்கிறது. அண்ணனிடம் பேசிவிட்டேன், ஷட்டரைத் திறந்து வைக்கிறேன் என்றார். நானும் வருகிறேன். நாற்காலிகளை மட்டும் மைதானத்துக்குள் கொண்டுவராதீர்கள். கேட் சாவி இனி மாஸ்டரிடம் இருக்கும்.