முதல் அரைக் குடம்
காலையில் குழாயைத் திறந்தால் முதல் அரைக் குடம் பழுப்பாகத்தான் வருகிறது. அம்மா குடத்தின் வாயில் வேட்டித் துணியைக் கட்டித்தான் பிடிக்கிறார்; துணியில் செம்மண் நிறத்தில் வட்டமாகக் கறை. சரி, கறை கண்ணுக்குத் தெரிகிறது. கிருமி தெரியுமா? வீட்டுக் குழாயில் வரும்போதும் கிருமியைக் கொல்லும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. எங்கள் தெருவில் யாரும் வந்து சோதித்து நான் பார்த்ததில்லை. மேல்நிலைத் தொட்டியில் ‘சுத்தம் செய்த நாள்’ என்பதற்குக் கீழே தேதியே அழிந்து கிடக்கிறது. கேட்டால், ஆள் இல்லையாம். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக்கூட விடாமல் காவல் போட்ட செட்டிநாடு இது! பக்கத்து வீட்டு ஆச்சி, தண்ணி வரியும் கட்டிவிட்டு, கேன் தண்ணீருக்கும் காசு எண்ணிக் கொடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.