வீடு தேடி வரும் மருத்துவம்

மருத்துவர் அபய் பங்கின் ஆய்வுப் பணியைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நன்றி. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அவரும் அவர் மனைவி மருத்துவர் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பச்சிளங்குழந்தையின் மூச்சை எண்ணவும், கிருமித்தொற்று கண்டால் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடவும் வைத்ததால் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 1999இல் அந்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவரல்லாதவர் கையில் ஊசியைக் கொடுக்கத் துணிந்ததே, என் பார்வையில், அவரது பெருஞ்செயல்.

இங்கே ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் கிராம சுகாதார செவிலியர் குழந்தையைத் துணித்தூளியில் இட்டு, தொங்கு தராசில் எடை பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்லும் மீனவப் பெண், ஊர் மாறியதால் இரண்டு ஊர்ச் செவிலியரின் பதிவேடுகளிலும் விடுபட்டுவிடக்கூடும். குழந்தை பிறந்த முதல் வாரமே ஆபத்து மிகுந்தது என்பதால், புகுந்த ஊரின் செவிலியர் தாய்வீட்டு ஊருக்கு உடனே தகவல் அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும்.