போதைப் பணமும் எங்க ஊர் ஒட்டுக்கடையும்

சின்ன ஊர், போதைப்பொருள் பணம் நிறைந்த ஒரு பை, அதை அமுக்கிவிட்டு முழிக்கிற நாலு பேர். இந்த மாதிரி நகைச்சுவைக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நம்ம படம் எடுக்கிற ஆட்கள் கையில் கிடைத்தால் பாதிக் கதையைப் பாராங் கத்தி, துரத்தல் என்றே ஓட்டிவிடுகிறார்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் பணத்தைத் திருடுவதா பெரிய விஷயம்? அதைச் செலவு பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்து லட்சம் வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று வைப்போம். இங்கே இருப்பதிலேயே பெரிய நோட்டு நூறுதான், 500, 1,000 எல்லாம் 1999-லேயே செல்லாமல் போய்விட்டன. ஆக 10,000 நோட்டு. தோட்டத்தில் செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனை) வெட்டுகிறவன் அதை எங்கே வைப்பான்? பேங்கில் ஒரே நாளில் 25,000 வெள்ளியோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குத் தகவல் போய்விடும். சரி, ஈப்போவுக்குப் போய் லட்ச வெள்ளிக்கு ஒரு காடி (கார்) எடுத்துவிட்டான் என்றால், மறுநாள் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையான ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்ததுமே "என்னடா, நாலு நம்பர் அடிச்சிருச்சா?" என்பார்கள், அதாவது நாலு இலக்க லாட்டரி. அவனும் தப்பித்தோம் என்று ஆமாம் போடுவான். அதோடு செத்தான். எந்த நம்பர், பெரிசா சின்னதா, எவ்வளவு கட்டினே? பெரிசு என்கிற பந்தய வகையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500. அப்படியென்றால் ஒரே நம்பரில் 40 வெள்ளி கட்டியிருக்கணும், முந்தாநாள் ரொட்டி சானாய்க்குக் கடன் சொன்னவன்! போன வாரம் விழுந்த நம்பரெல்லாம் பக்கத்து மேசைத் தாத்தாவுக்கு மனப்பாடம் வேறு.

வில்லன்களைக் கோமாளியாக்குங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பணம் வந்த வழியை மறைக்காதீர்கள். 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று அனுமானிக்கிற நாடு இது. அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் கடத்தலுக்குக் கட்டாயத் தூக்கு என்பதை 2023-இல்தான் எடுத்தார்கள். இப்போதும் நீதிபதி நினைத்தால் தூக்கு, இல்லையென்றால் ஆயுள் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும். கதையில் பை தூக்குகிற பையனுக்கு இது தெரிந்திருக்கணும், அவன் பயத்தில்தான் நமக்குச் சிரிப்பே வரும்.

கிளைமாக்ஸுக்குத் துப்பாக்கி எதற்கு? மனசு உறுத்தி, கோயில் திருவிழாவுக்கு யாருக்கும் தெரியாமல் 5,000 வெள்ளி கொடுக்கிறான். தலைவர் மைக்கைப் பிடித்து அவன் பேர், அப்பா பேர், லயத்து வீட்டு நம்பர் வரைக்கும் சொல்லி நன்றி சொல்கிறார். பணத்தைத் தேடி வந்தவர்கள் அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள். எடுக்கிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், எனக்குக் காசு வேண்டாம், அதுவும் ரொக்கமாக வேண்டவே வேண்டாம்.