எஞ்சினின் ஆண்டை முதலில் பாருங்கள்

‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் சிறிய மாதிரிக்குப் பின்னால் எந்தப் பழைய பிரிட்டிஷ் பெட்டியைக் கோத்தாலும் பொருந்தும் என்று மாதிரி ரயில்கள் பற்றிய கட்டுரை ஒன்று கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1923இல் டான்காஸ்டரில் உருவான இந்த எஞ்சின் பல தோற்றங்களைக் கண்டது. எனவே நாம் வாங்கிய மாதிரி எந்த ஆண்டுக்குரியது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

ஆப்பிள் பச்சை நிறமும் 4472 என்ற எண்ணும், எஞ்சின் குழுவினர் ஓடும் வண்டியிலேயே மாறிக்கொள்ள வழிவிடும் நடைபாதையுள்ள டெண்டரும் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டி) இருந்தால், அது 1928 மே 1ஆம் தேதி லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கிய காலத்தை நினைவூட்டுவது. அதற்கு உரியவை பொறியாளர் கிரெஸ்லி வடிவமைத்த, வார்னிஷ் பூசிய தேக்குப் பெட்டிகளே. அவற்றின் நீளம் 61 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற, மாதிரி ரயில்களுக்கான ஓஓ (OO) அளவில் ஏறத்தாழ 246 மில்லிமீட்டர் வரும். தேக்கின் இழையோட்டத்தை மாதிரிப் பெட்டியில் அச்சிட்டுக் கொண்டுவருவது கடினம் என்பதால், வாங்குமுன் நேரில் பார்ப்பது நல்லது.

கட்டுரைப் படத்தில் உள்ள மெரூன் நிற மார்க் 1 பெட்டிகளோ (பிரிட்டிஷ் ரயில்வேயின் பொது வடிவப் பெட்டிகள்) 1951 முதலே வந்தவை. அந்த நிறமும் 1956 முதல்தான் பரவியது. அவற்றை விரும்புவோர், இதே எஞ்சின் பின்னாளில் பெற்ற 60103 என்ற எண்ணும் இரட்டைப் புகைபோக்கியும் உடைய, அடர்பச்சை நிற மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். புகை ஓட்டுநரின் பார்வையை மறைக்காதிருக்க 1961இல் பொருத்தப்பட்ட தகடுகளும் இருந்தால், 1963 ஜனவரியில் ஓய்வுபெறும் முன்பிருந்த அதன் கடைசித் தோற்றம் கிடைக்கும். 4472 எண்ணுடன் மெரூன் பெட்டிகளை இணைக்க வேண்டுமென்றால், அது, ஓய்வுக்குப் பின் எஞ்சினைத் தனியார் வாங்கிப் பேணிய காலத்தில் ஓடிய சிறப்பு ரயில் என்று குறிப்பிட்டுவிடலாம். அப்போது அதிலும் பிழையில்லை.